எட்டுத் தகடு, இரண்டு அரக்கு

போன வாரம் முத்துக்குமாரை இரும்புச் சட்டத்தின் மேல் நிற்க வைத்துவிட்டு வந்தோம். இந்த வாரம் திரும்பிப் போய்ப் பார்த்தால் மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

ஏறும்போது செல்ஃபி மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. எடுத்தாயிற்று, பதினாலு. இறங்கலாம் என்று திரும்பியபோதுதான் தொந்தி ஞாபகம் வந்தது, வேட்டி ஞாபகம் வந்தது, கீழே கிடக்கும் துவைகல்லும் ஞாபகம் வந்தது.

"கந்தா! ஏணிய கெட்டியா புடிச்சுக்கினு நில்லுடா. ஆடுது பாரு!"

ஆடியது ஏணி இல்லை. தம்பி கந்தன் அதைச் சொல்லவில்லை. கந்தன் எதையுமே சொல்வதில்லை என்பது ஏழு வாரமாக நமக்குத் தெரிந்த விஷயம். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் பாதம் ஒவ்வொரு படியாகத் துழாவிக்கொண்டு வருவதை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

முத்துக்குமாரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா என்று இரண்டு வாசகர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். காட்டலாம். அதற்கு அவர் முதலில் ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அண்ணன் தம்பி வீடுகள். அண்ணன் முத்துக்குமாருக்குப் பட்டுக்கடை. தெருக்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டே ஏசி போடுகிற கடை. தம்பி கந்தனுக்கு வீட்டுக்குள் ஒரு குழித்தறி. கந்தன் மனைவி மஹாலட்சுமி, வீட்டை ஒட்டிய சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறாள். கடையின் பெயர் நிற்பது இவள் கைநிறத்தில். முத்துக்குமாரைக் கேட்டால் கடை வாசலில் வைத்திருக்கும் போர்டில் என்பார்.

ஆபத்து அந்தப் பட்டறைக்குத்தான். நாளுக்கு முந்நூறு கிலோ சவுக்கு விறகு அங்கே எரிகிறது. புகை தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுக்க, மாதக் கடைசிக்குள் புகையைக் குறைக்காவிட்டால் பூட்டுதான் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. பாக்கி இருப்பது பதினோரு நாள்.

மஹாலட்சுமி கேட்டது ஒன்றே ஒன்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் மாடியில் வெயிலில் வெந்நீர் காய்ச்சும் குழாய்த் தகடு இருக்கிறதல்லவா, அது. கிணற்றுத் தண்ணீரைப் பாதிச் சூட்டுக்கு வெயிலே கொண்டுவந்து விட்டால், கொதிக்க வைக்க மட்டும் விறகு போதும். விறகு பாதி, புகையும் பாதி.

"லாட்ஜ்ல குளிக்கறதுக்கு வெச்சிருக்கறத நம்ம பட்டறையில வெக்கறதா? நாலு பேரு இன்னா பேசுவான்?" என்று கேட்டுவிட்டு, முத்துக்குமார் வாங்கி வந்து மாட்டியது எட்டு சோலார் தகடு. மின்சாரம் தயாரிக்கிறவை.

நெசவுக்கு அரசாங்கமே இலவசமாக மின்சாரம் கொடுக்கிற வீடு அது. அந்த வீட்டில் மின்சாரத்துக்குக் குறை இல்லை, அடுப்புக்குத்தான் சூடு வேண்டும். தாகம் என்று தண்ணீர் கேட்டவளுக்குத் தலைவாரச் சீப்பு வாங்கிக் கொடுத்த மாதிரி. அதையும் மொட்டைமாடியில் வைத்திருந்தால் ஒரு மாதிரி போயிருக்கும். மாடியில் கைப்பிடிச்சுவர் உயரம், தெருவில் போகிறவன் கண்ணில் படாது. ஆகவே சாயப்பட்டறையின் திறந்த முற்றத்தின் மேல் இரும்புச் சட்டம் அடித்து, தெருவைப் பார்க்கச் சாய்த்து, வரிசையாக எட்டையும் மாட்டிவிட்டார். நான்கு நாளாயிற்று.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், இன்றைக்கு ஒருத்தர் வருகிறார். சென்னையில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, காற்றையும் தண்ணீரையும் கெடுக்காமல் தயாரித்த பட்டுதான் வேண்டும் என்கிறது. முதலில் பன்னிரண்டு அரக்கு நிறப் புடவை. பிடித்துவிட்டால் வருடம் முழுக்க வேலை. பார்த்துச் சொல்ல ஷாரோன் என்று ஒரு அதிகாரியை அனுப்புகிறது.

*

மஹாலட்சுமி அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தாள். கழியில் கோத்த பட்டு நூல் சிட்டங்கள் கொதிக்கிற அரக்குச் சாயத்தில் முங்கியும் எழும்பியும் திரும்பிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு புடவைக்கான பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடுவது, போன வாரமே தோய்த்தாகிவிட்டது. அப்போது முற்றம் முற்றமாக இருந்தது. இன்றைக்குத் தோய்ப்பது ஊடை நூல், குறுக்கே ஓடுவது. இரண்டும் ஒரே அரக்காக இருந்தால்தான் புடவை அரக்குப் புடவை. இல்லாவிட்டால் வெளுத்துப்போன பழம்புடவை மாதிரி இருக்கும்.

ஒரு சிட்டத்தின் நுனியை முறுக்கிப் பிழிந்து, போன வார மாதிரி நூலையும் எடுத்துக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தாள். பதினாறு வருடமாகக் கால் தானாக வந்து நிற்கிற இடம், துவைகல்லுக்குப் பக்கத்தில், கிழக்கே பார்த்து. காலை வெயில் நேராக நூலில் விழுகிற இடம் அது. சாயக்காரர்கள் நிறத்தை வெயிலில்தான் பார்ப்பார்கள். விளக்கில் பார்த்து நூலை இறக்கியவனை யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

இன்று துவைகல்மேல் நிழல் விழுந்திருந்தது. நிழலை விரட்ட முத்துக்குமார் ஒரு நீள ட்யூப்லைட் கட்டியிருந்தார். அதன் வெள்ளை வெளிச்சத்தில் நூலும் கையும் சுவரும் ஒன்றுபோல வெளிறித் தெரிந்தன.

அவள் இரண்டு நூலையும் எடுத்துக்கொண்டு தெருவாசலுக்கு நடந்தாள். முத்துக்குமார் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போற?"

"தெருவுல போய் கலர் பாத்துட்டு வந்துடறேன் மாமா. இங்க ஒண்ணும் தெரியல."

"சொட்டச் சொட்ட எட்டுக்கினா? உங்க அக்கா இப்பதான் கோலம் போட்டுட்டு நிமிந்திருக்கா."

அக்கா என்றது அவர் மனைவி தையல்நாயகியை. வாசல் அடைத்து ஒரு சூரியன் போட்டிருந்தாள். சூரியனுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, மீசையும் இருந்தது. அது தன் கணவர் சாயலில் அமைந்துவிட்டது தற்செயல் என்று அவள் சொன்னதாகக் கேள்வி.

"ஒரு நிமிசம் மாமா."

"அந்த ஒரு நிமிசத்துல கார் வந்துடுச்சுன்னா? கையெல்லாம் ரத்தம் மாதிரி நின்னுக்கினு இருப்ப. அதான் லைட்டு போட்டிருக்கேனே!"

"லைட்டு வேற, வெயில் வேற மாமா."

"இது சாதா லைட்டா? சோலார் லைட்டு. வெயில்லேந்து வந்த வெளிச்சம்மா. வெயிலும் இதுவும் ஒண்ணுதான்."

இந்தக் கடைசி வரியை வாசகர்கள் இன்னொரு முறை படிக்கலாம். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்பிச் சொன்னார். வெயிலைத் தகட்டில் பிடித்து, ஒயரில் இறக்கி, குழல்விளக்கில் ஊற்றினால் அது வெயிலாகவே வெளியே வரும் என்பது அவருடைய அறிவியல்.

"நீ எத்தினியாவது படிச்ச?" என்று கேட்டார்.

"பத்தாவது மாமா."

"நான் பி.காம்."

மஹாலட்சுமி திரும்பி வந்து விளக்குக்கு அடியில் இரண்டு நூலையும் பக்கம் பக்கமாகப் பிடித்தாள். ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அந்த விளக்கில் ஒன்றுபோலத் தெரிகிறது என்பதற்கு மதிப்பே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிட்டங்களை அண்டாவிலிருந்து எடுத்தாள். அலசினாள். கொடியில் போட்டாள்.

இங்கே அவளையும் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. அவர் முட்டாள்தனத்தால் செய்ததை இவள் அறிந்தே செய்தாள். மரியாதை என்ற பெயரில் ஒரு குடும்பத்தில் எவ்வளவு நல்ல வேலை பாழாகிறது என்பதற்கு யாரும் கணக்கெடுப்பதில்லை.

*

நூல் இறங்கிய உடனே முத்துக்குமார் அடுப்பை அணைக்கச் சொன்னார். சாம்பலை வாரச் சொன்னார். அடுப்பு வாயைச் சாணம் போட்டு மெழுகி, அதன்மேலும் ஒரு சின்னக் கோலம். அப்புறம் விறகு. சுவரோரம் அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைகளைக் கடையாட்கள் இருவர் வந்து எங்கேயோ தூக்கிக்கொண்டு போனார்கள். அண்டாக்களைத் துலக்கிக்கொண்டிருந்த மஹாலட்சுமி அது எங்கே என்று பார்க்கவில்லை.

பார்த்தது கந்தன். கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் ஜரிகை வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவன், தறிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டான்.

தறிக்குழி முழுக்க விறகு.

குழி என்பது நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிக்கிற இடம். கந்தன் அதில் செருப்போடு இறங்கியதில்லை. காலையில் இறங்குவதற்கு முன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். மிதிகள் இப்போது கட்டைகளுக்கு அடியில் எங்கேயோ கிடந்தன. தறியில் பாதி நெய்து நின்ற சந்தன நிறப் புடவையின் மேல் மரப்பட்டைத் தூள் கொட்டியிருந்தது. ஒரு கட்டையின் முனை பாவில் இடித்துக்கொண்டு நின்றது. குனிந்து எண்ணினான். பதினேழு இழை அறுந்திருந்தது. எறும்புகள் வேறு விறகிலிருந்து பாவுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

எட்டிப் பார்த்த தையல்நாயகி சொன்னாள். "உங்க அண்ணன்தான் வெக்கச் சொன்னாரு தம்பி. அந்தம்மா வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். ஒருநாள் உக்காந்து நெய்யலன்னா இன்னா கொறைஞ்சுடப்போவுது?"

கந்தன் ஜரிகைக் கட்டைப் பெட்டிமேல் வைத்தான். தறியோரம் மண்டியிட்டு, எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதித் தள்ள ஆரம்பித்தான்.

*

பதினோரு மணிக்கு முத்துக்குமார் வாசலில் சந்தன மாலையோடு நின்றார். கார் வரவில்லை. தோளில் பையோடு ஒரு பெண் நடந்து வந்து கோலத்துக்கு முன்னால் நின்று வீட்டு எண்ணைப் பார்த்தாள்.

"ஏம்மா, கோலத்த மிதிக்காத. அப்பால போ. கார் வர்ற எடம்."

"முத்துக்குமார் சார் வீடு இதுதானே?"

"இதுதான். இன்னா வேணும்?"

"நான் ஷாரோன் சார். வாலாஜாபாத்லேந்து வர்றேன். பஸ்லதான் வந்தேன், கார் எதுக்கு?"

மாலை போடுவதா வேண்டாமா என்று அவர் கை ஒரு கணம் தடுமாறியது. சென்னையிலிருந்து வரும் கம்பெனி அதிகாரி இருபத்தெட்டு வயதுப் பெண்ணாக, வாலாஜாபாத்காரியாக, டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள் என்று பி.காமில் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார். மாலை விழுந்தது.

"வாங்க மேடம், வாங்க! நம்ம பட்டறையில சூரியன்தான் மேடம் சாயமே போடுது. ஒரு குச்சி வெறகு கெடையாது."

ஷாரோன் அண்ணாந்து தகடுகளைப் பார்த்தாள். நோட்டை எடுத்தாள்.

"எத்தனை கிலோவாட் சார்?"

"எல்லா வாட்டும் இருக்குது மேடம். உங்களுக்கு எவ்ளோ வேணும்?"

அவள் எழுதவில்லை. "சரி. சாயத் தண்ணி எப்படி சூடாவுது?"

"உள்ளுக்குள்ளாற ஒயர் போவுது மேடம்."

"எந்த அண்டாவுக்கு?"

"எல்லாத்துக்கும்."

ஷாரோன் அண்டாவுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ஒயர் இல்லை. சாணம் மெழுகிய அடுப்பும் கோலமும் இருந்தன. கோலத்தின்மேல் உள்ளங்கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குதே சார்?"

"காலையில வெயில் பட்டுச்சு மேடம்."

"இங்க எங்க சார் வெயில் படும்? மேலதான் பேனல் போட்டு மூடிட்டீங்களே."

முத்துக்குமார் சிரித்தார். பதில் இல்லாத எல்லாக் கேள்விக்கும் அவர் வைத்திருக்கிற ஒரே பதில் அந்தச் சிரிப்புதான். சுவரோரம் நின்ற மஹாலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தனக்காக இல்லை, அவருக்காகவும் இல்லை. இப்படிப்பட்டவரிடம் பதினாறு வருடம் அனுமதி கேட்டு நின்றதற்காக.

"அத்த வுடுங்க மேடம், நூலப் பாருங்க!" முத்துக்குமார் கொடியிலிருந்து ஊடைச் சிட்டம் ஒன்றை உருவினார். உள்ளே ஓடிப்போய்ப் பாவு நூலில் ஒன்றையும் எடுத்து வந்தார். "போட்டோ புடிங்க. இங்க வேணாம், தெருவுல நல்லா வெளிச்சமா இருக்குது. வாங்க, வாங்க."

காலையில் மஹாலட்சுமியைப் போகவிடாமல் மறித்த அதே வாசல்படியை அவரே தாண்டினார். கோலச் சூரியனின் மீசையை அவரே மிதித்தார். உச்சி வெயிலில், ஷாரோனின் போனுக்கு எதிரே, இரண்டு கையிலும் இரண்டு சிட்டத்தைத் தூக்கிப் பிடித்தார்.

ஷாரோன் போட்டோ எடுக்கவில்லை. போனைக் கீழே இறக்கினாள்.

வலது கையில் அரக்கு இருந்தது. ஆழமான, நல்ல அரக்கு. இடது கையில் இருந்தது செங்கல் நிறம். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்மணிக்கே தெரிந்தது. "இன்னாது, ரெண்டும் வேற வேறயா இருக்குது?" என்று கேட்டும்விட்டாள்.

முத்துக்குமார் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மனிதன் தன் தவறைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வான்? கொஞ்சம் மானமுள்ளவன் தலைகுனிவான். இவர் திரும்பி மஹாலட்சுமியைக் காட்டினார்.

"இவளாலதான் மேடம். பதினாறு வருச பொகை, கண்ணு பூத்துப்போச்சு. கலரே தெரியறதில்ல. நானும் குடும்பத்து ஆளாச்சேன்னு வெச்சுக்கினு இருக்கேன். நாளைக்கே வேற ஆள் போட்டுடறேன்."

எதிர்வீட்டில் கீரை ஆய்கிற கை நின்றது.

மஹாலட்சுமி படியிறங்கி வந்தாள். அவர் கையிலிருந்து இரண்டு சிட்டத்தையும் வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கித்தான் கொண்டாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குது மேடம். இந்த அரக்கு நான் வெயில்ல பாத்துத் தோச்சது. இந்த செங்கல்லு நான் இவரு லைட்டுல பாத்துத் தோச்சது. தப்புன்னு தெரிஞ்சேதான் எறக்குனேன். அது என் தப்பு. ஆனா வெயிலப் புடிக்கறேன்னு என் முத்தத்துல இருந்த வெயில மூடிப்புட்டாரே, அது யாரு தப்பு?"

"மஹா! உள்ள போ!"

"போறேன் மாமா, சொல்லிட்டுப் போறேன். சாயம் வெறகுலதான் மேடம் வேவுது. இன்னிக்கும் வெறகுதான்."

"பொய்! எங்க இருக்குது வெறகு? காட்டு பாக்கலாம்!" முத்துக்குமார் தெருவைப் பார்த்துக் கையை விரித்தார். "பட்டறை முழுக்கத் தேடிப் பாருங்க மேடம். ஒரு குச்சி கெடைச்சா..."

தொம்மென்று ஒரு சவுக்குக் கட்டை அவர் காலடியில் வந்து விழுந்தது.

கந்தன் வாசலில் நின்றிருந்தான். முழங்கை வரை மரத்தூள். இன்னொரு கட்டை கையில் இருந்தது. அதையும் போட்டான். திரும்பி உள்ளே போய் இன்னும் இரண்டு கொண்டு வந்து போட்டான்.

"என் குழியில வெச்சிருக்குது," என்றான். "பதினேழு எழை அறுந்துபோச்சுண்ணா."

ஏழு வாரத்தில் கந்தன் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

*

ஷாரோன் மாலையைக் கழற்றிக் கோலத்தின் ஓரமாக வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்படுவதற்குக்கூட எதிராளியிடம் ஏதாவது தகுதி வேண்டும்.

"சார், பொய்யின்னு ஒரு வார்த்தை எழுதிட்டு நான் அடுத்த பஸ்ஸ புடிச்சிருப்பேன். ரெண்டு நிமிஷ வேலை," என்றாள். மஹாலட்சுமியிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. ஒரு நாளைக்கு எவ்ளோ வெறகு?"

"முந்நூறு கிலோ."

"எங்கேந்து வருது?"

"முன்னெல்லாம் தென்னேரிப் பக்கத்துலேந்தே வரும். இப்ப எங்கெங்கேந்தோ லாரியில வருது. சவுக்கு நாலஞ்சு வருசத்துல திரும்பி வளந்துடும் மேடம், அது தப்பில்ல. வளர்றதுக்குள்ள நாம எரிச்சுடறோம், அதான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குக் கரண்டு வேணாம். சூடுதான் வேணும். வெயில்ல தண்ணி காயற தகடு நாலு குடுத்தா பாதி வெறகுல ஓட்டிடுவேன். மழ நாள்ல வெறகு எரிச்சுத்தான் ஆவணும், அதுல பொய் சொல்ல மாட்டேன். வெயில் கொட்டற நாள்ல எதுக்கு மேடம் எரிக்கணும்?"

ஷாரோன் இப்போதுதான் நோட்டில் எழுதினாள். நிறைய எழுதினாள்.

"அந்தத் தண்ணியில அரக்கு வருமா?"

"வரும்."

"இதுவரைக்கும் தோச்சுப் பாத்திருக்கீங்களா?"

மஹாலட்சுமி தயங்கினாள். "இல்ல."

"சரி. அடுத்த வியாழக்கிழமை வர்றேன், எட்டு நாள் இருக்குது. ரெண்டு சிட்டம், வெயில் தண்ணியில ஆரம்பிச்சுத் தோச்சு வைங்க. பாவும் ஊடையும் ஒண்ணா இருக்கணும். எரிச்ச வெறக எடை போட்டு எழுதி வைங்க. ரெண்டும் சரியா இருந்தா ஆர்டர் உங்க பேருக்கு வரும்க்கா. சார் பேருக்கு இல்ல."

எட்டு நாள். தகடு இல்லை, தொட்டி இல்லை. ஐப்பசி மேகம் கிழக்கே திரண்டுகொண்டிருந்தது. மஹாலட்சுமி தலையாட்டினாள்.

"மொதல்ல முத்தத்துல வெயில் வரணும்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

கந்தன் உள்ளே போனான். தறியின் மரையை முறுக்க வைத்திருக்கும் ஸ்பேனரோடு வந்தான். காலையில் அண்ணனுக்காகப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஏணியில், பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல், விறுவிறுவென்று ஏறினான்.

"டேய், இன்னாடா பண்ற? எறங்குடா!" என்றார் முத்துக்குமார்.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்கக்கா, ஷாக் அடிச்சுடப்போவுது," என்றாள் ஷாரோன். மஹாலட்சுமி ஓடிப்போய் அணைத்தாள். ட்யூப்லைட் அணைந்தது. முற்றம் மங்கலாகிவிட்டது.

மேலே மரை கழலும் சத்தம் கேட்டது. "ஒடைச்சுடாதீங்க!" என்று கீழேயிருந்து கத்தினாள் மஹாலட்சுமி. "அப்பால மாடிக்கு மாத்திக்கலாம். தறிக்கும் கடைக்கும் வெளக்கு எரியட்டும்."

முதல் தகடு மெதுவாக நகர்ந்து பக்கத்துத் தகட்டின்மேல் ஏறியது. அது விட்ட இடத்தின் வழியே வெயில் நேராக வந்து துவைகல்லில் விழுந்தது, ஒரு பாய் விரித்த அளவுக்கு. மஹாலட்சுமி அந்த வெயிலுக்குள் போய் நின்று இரண்டு சிட்டத்தையும் நீட்டினாள். அரக்கும் செங்கல்லும் பளிச்சென்று தனித்தனியாக நின்றன. செங்கல்லில் என்ன குறை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கொஞ்சம் நீலம் போதவில்லை. மறுபடி ஒரு முறை தோய்த்தால் போதும். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அப்போதுதான் தெருவாசல் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

முத்துக்குமார் ஏணியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் ஏணி, முகத்தில் வென்று வந்தவனின் களை. அந்த வயதில், அந்த உடம்போடு, ஊர் பார்க்க ஏணியைத் திருடிக்கொண்டு போகும் அண்ணனை நான் இதுவரை எந்தக் குடும்பத்திலும் பார்த்ததில்லை.

"ஏணி என்னுது!" என்றார் தன் வாசலில் நின்று. "பேனலும் என்னுது. பட்டறைக் கட்டடம் யாரு பேர்ல இருக்குதுன்னு நாளைக்குக் காலையில பத்திரத்தத் தூக்கிக்கினு வந்து படிச்சுக் காட்டறேன். அதுவரைக்கும் உன் புருசன் மேலயே இருக்கட்டும்!"

கதவு சாத்திக்கொண்டது. சட்டத்தின் மேலிருந்து கந்தன் எட்டிப் பார்த்தான்.

"மஹா, ஏணிய..."

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். பத்திரத்தை அவள் ஒரு நாளும் படித்ததில்லை. அதில் யார் பெயர் இருக்கிறது என்று மாமனார் இருந்தபோதும் கேட்டதில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, வெயிலுக்குள் கணவனைப் பார்த்தாள்.

"ஏணி எதுக்குங்க இப்ப? இன்னும் ஏழு இருக்குது. கழட்டுங்க."

மேலே ஸ்பேனர் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.